பதினாறாம் நாளுக்கு முன்பே எழுதிய பாட்டு

மகனே,

என் பாட்டுப் புத்தகத்துக்கு நீ எழுதி அனுப்பிய முன்னுரை போன வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. உறைமேல் தமிழில் விலாசம் இருப்பதைப் பார்த்து, தபால்காரர் வேறு யாருடையதையோ தவறிக் கொடுத்துவிட்டார் என்று திருப்பிக் கொடுக்கப் போனேன். இத்தனை வருஷமும் நீ எனக்குத் தெலுங்கில்தான் கடிதம் போட்டிருக்கிறாய். பிரித்துப் பார்த்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதைப் போல எழுத்தெல்லாம் கோணலும் மாணலுமாக இருக்கிறது. முப்பத்திரண்டு வயதில், பெரம்பூர் ரயில்வே ஆபீஸில் நாளெல்லாம் உழைத்துவிட்டு வந்து, பெற்றவன் பாட்டைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறாய். அதை நினைத்து நான் பூரித்துப் போயிருக்க வேண்டும். பூரிக்கவில்லை. நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரர் ஏதோ கெட்ட சேதி என்று நினைத்துச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

உன் முன்னுரையில் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. 'என் தாயார் இறந்த துக்கம் தாளாமல், இருபத்து மூன்று வருஷம் பாடாமலிருந்த என் தகப்பனார் பதினாறே நாளில் இந்தப் பதினொரு விருத்தங்களையும் பாடி முடித்தார்' என்பது ஒன்று. 'அம்மா இருந்து இதைக் கேட்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள்' என்பது இன்னொன்று. முதல் வாக்கியம் பொய். பொய் உன்னுடையது அல்ல, என்னுடையது. ஊரெல்லாம் அப்படிச் சொன்னபோது நான் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன், நீயும் நம்பிவிட்டாய். இரண்டாவது வாக்கியத்துக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். கிழவன் பேச்சு அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

முதலில் நான் உனக்குச் செய்த ஒரு குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருக்கிறது. தாலூகா ஆபீஸில் தெலுங்கு, கோர்ட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. வீட்டில் பேசுவது தமிழாக இருந்தாலும் வயிற்றுக்குச் சோறு போடுவது தெலுங்குதான் என்று எனக்குப் பட்டது. நான் முப்பது வருஷம் தாலூகா ஆபீஸில் தெலுங்கு எழுதியே குடும்பத்தைக் காப்பாற்றினேன். உன்னையும் தெலுங்குப் பள்ளியிலேயே சேர்த்தேன். உன் அம்மாவும் நகரிப் பக்கத்துப் பெண், தெலுங்குப் பள்ளியில் நாலாவது படித்தவள். தமிழ் பேசுவாளே தவிர எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆக, நம் வீட்டில் தமிழ் எழுத்து அறிந்தவன் நான் ஒருவன்தான். நீ ஆறு வயதில் என் நோட்டைப் புரட்டிப் பார்த்து, "நைனா, இது இன்னா பூச்சி பூச்சியா கீது?" என்று கேட்டாய். எல்லாரும் சிரித்தோம். சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு மாதம் பிடித்திருக்காது. உனக்கு வேலை கிடைக்க இது தேவையில்லை என்று விட்டுவிட்டேன். பாடுகிறவன் தன் பிள்ளைக்கே தன் பாட்டைப் பூட்டி வைத்தான் என்றால் அவனை என்னவென்று சொல்வது?

அப்போது நான் நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்கள் படியேறும்போது பாட என்னிடம் பாட்டு வாங்கிப் போவார்கள். கல்யாணம் ஆன புதிதில் உன் அம்மா ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே, "ஊருக்கெல்லாம் பாட்டு கட்டிக் குடுக்கறீங்களே, என் மேல ஒண்ணு பாடுங்களேன்" என்றாள். நான் சிரித்தேன். "பொண்டாட்டி மேல எவனாச்சும் பாடுவானா? கேக்கறவன் வாயால சிரிக்க மாட்டான்" என்றேன். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். அவள் விளையாட்டாகக் கேட்டாளா, ஆசையாகக் கேட்டாளா என்று நான் யோசித்துப் பார்க்கவே இல்லை.

பாட்டு நின்று போனதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. என் சிநேகிதர் கங்காதரத்தை உனக்குத் தெரியும், பொதட்டூர்பேட்டையில் தறி போட்டிருப்பவர், தமிழில் என்னைவிட ஆழமான படிப்பு. ஒரு வருஷம் திருவிழாவுக்கு நான் எழுதிய பத்துப் பாட்டை அவரிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, முருகனுக்கு மனு போட்டுகினு இருக்கியா? கீழ ஒரு கையெழுத்து வச்சிட்டா தாசில்தார் பாத்து உத்தரவு போட்டுடுவாரு" என்றார். கேலிதான். ஆனால் நிஜம். ஆபீஸில் எழுதி எழுதி என் தமிழும் மனுவாகிவிட்டிருந்தது. அதற்குப் பிறகு உட்கார்ந்தால் வரவில்லை. வராததைப் பிடித்து இழுக்க ரோஷம் விடவில்லை. ஒரு மாதம் ஒரு வருஷமானது, அப்புறம் இருபத்து மூன்று வருஷமானது. கிணறு தூர்ந்து போனால் அந்த இடத்தில் ஒரு கிணறு இருந்ததே மறந்துபோகிறதல்லவா, அப்படி மறந்துவிட்டேன்.

சுதந்திரம் வந்த வருஷம் புரட்டாசியில் உன் அம்மாவுக்குக் கால் வீங்கியது. பிறகு மூச்சு வாங்கியது. அரக்கோணத்து டாக்டர் நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார், உப்பைக் குறைக்கச் சொன்னார், என்னைத் தனியே கூப்பிட்டு, "தை மாசம் தாண்டினா ஆச்சரியம்" என்றார். உனக்கு இதை நான் எழுதவில்லை. 'அம்மாவுக்குக் கொஞ்சம் அசதி' என்று மட்டும் எழுதினேன். நீ லீவு போட்டு ஓடி வந்து தவிக்க வேண்டாமென்று அப்படி எழுதினேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால் வேறு காரணமும் இருந்திருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது. கொஞ்சம் பொறு, சொல்கிறேன்.

அவளுக்குப் படுத்தால் மூச்சு முட்டும். கூடத்தில் கயிற்றுக் கட்டிலைச் சுவரோரம் போட்டு, தலையணைகளை அடுக்கி, சாய்ந்தபடி உட்கார வைத்திருந்தேன். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். ஐப்பசியில் ஒரு காலை, மழை விட்டிருந்த நேரம், அவள் கஞ்சிக் கிண்ணத்தை வாங்கக் கையை நீட்டினாள். மணிக்கட்டில் அந்தச் சூட்டுத் தழும்பு. நீ கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு கையில் உன்னை வைத்துக்கொண்டு மறு கையால் சோற்றுப் பானையை இறக்கப்போய்ச் சுட்டுக்கொண்டது. முப்பது வருஷமாகப் பார்த்த தழும்பு. அன்றைக்கு அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு வரி ஓடியது. நான் தேடவில்லை. தானாக வந்தது. ஓடிப்போய்ப் பென்சில் எடுத்து, மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதினேன்.

அடுப்படி நெருப்புத் தொட்ட அவ்வடுக் கையி னாலே
எடுத்தநற் பணிகள் எல்லாம் இடையிலே நிற்க விட்டு

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோதுதான், இது எங்கே போகிற பாட்டு என்று புரிந்தது. சரமகவி. நம் பக்கத்தில் ஒருவர் இறந்து பதினாறாம் நாள் கருமாதியில், அவர் குணத்தைச் சொல்லி அழுது படிக்கிற பாட்டு. உயிரோடு இருப்பவர்மேல் அதைப் பாடக் கூடாது, பாட்டு ஆளை அழைத்துக்கொள்ளும் என்பார்கள். அவளோ மூன்று முழம் தள்ளி உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாள். அந்தச் சீட்டை அப்போதே கிழித்துப் போட்டிருந்தால் நான் மனுஷன். நான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இனிமேல் சொல்லப் போவதை உன்னைப் பெற்றவன் உன்னிடம் சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்கிறேன். அந்த இரண்டு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். பொழுது விடிந்தால் இன்றைக்கு என்ன வரும் என்று ஆசையோடு எழுந்தேன். அவளுக்குக் கால் பிடித்துவிடுவேன், மருந்து கொடுப்பேன், முகம் துடைத்துவிடுவேன். எல்லாவற்றையும் முன்னைவிட அன்பாகச் செய்தேன், ஏனென்றால் எல்லாவற்றிலும் ஒரு வரி கிடைத்தது. பார்க்க வந்தவர்கள், "பொண்டாட்டிய இப்படிப் பாத்துக்கற ஆம்பள உண்டா?" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் பார்த்துக்கொண்டது அவளையா, பாட்டையா என்று இன்றைக்குவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் பாட்டு வராது என்று உள்ளுக்குள் தெரிந்திருக்குமோ என்றுதான் சந்தேகப்படுகிறேன். அதனால்தான் 'அசதி' என்று எழுதினேனோ என்னவோ.

பாட்டுக் கட்டும்போது சீர் எண்ணி விரலால் தட்டுவது என் பழக்கம். கட்டில் காலில் தட்டிக்கொண்டே வாய்க்குள் முணுமுணுப்பேன். அவளுக்கு எழுத்துதான் தெரியாது, காது நன்றாகவே கேட்கும் என்பதை மறந்துபோனேன். ஒருநாள் மத்தியானம் கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"இன்னாங்க, பாட்டு வருதா?"

தட்டிய விரலைச் சட்டென்று மடக்கிக்கொண்டேன். "ஆங், ஏதோ சும்மா" என்றேன்.

"தட்டறது கேக்குதே. எத்தினி வருசமாச்சு! நின்னுடாதீங்க, வர்றப்பவே புடிச்சிக்குங்க" என்றாள். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "யார் மேல?"

"வள்ளி மேல."

"எங்க, ஒண்ணு சொல்லுங்க."

மாட்டிக்கொண்டேன். அந்தத் தழும்புப் பாட்டையே எடுத்து, கடைசி வரியை மாற்றி, தினைப்புனத்தைக் காவல் காத்த வள்ளி முருகன் பின்னால் போன கதையாகத் திருப்பிச் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"நல்லா கீது. ஆனா வள்ளிக்குக் கையில சூட்டுத் தழும்பு ஏதுங்க? தினைப்புனத்துல அடுப்பா வச்சிகினு இருந்தா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. நானும் சிரித்து வைத்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. தெரியாததுபோல இருவரும் இருந்தோம்.

கார்த்திகை முடிகிறபோது பத்து விருத்தம் முடிந்திருந்தது. பதினோராவதுதான் கடைசி. அதில் மூன்று அடி வந்து நின்றுவிட்டது. நாலாவது அடி எப்படி முட்டினாலும் திறக்கவில்லை. அதுவரை நடந்ததைத்தான் பாடியிருந்தேன். அந்த அடிக்கு வேண்டியது இன்னும் நடக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் காலை, நான் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், கட்டில் காலியாக இருக்கிறது. கொல்லைப் பக்கம் ஓடினேன். உன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய், முருங்கை மரத்தடியில் நின்று கீரை ஒடித்துக்கொண்டிருந்தாள். கால் வீக்கம் வற்றியிருந்தது. "இன்னிக்கு இன்னாவோ தேவலயா இருக்குது. ஒரு கீரைக் கூட்டு செஞ்சி வைக்கட்டுமா?" என்றாள்.

மகனே, அதைப் பார்த்து என் மனசு வாடியது. ஒரு கணம்தான். கண்ணிமைக்கும் நேரம்தான். அவள் பிழைத்துக்கொள்வாளோ, பாட்டு முடியாமல் போய்விடுமோ என்று ஒரு எண்ணம் வந்து போனது. உடனே ஓடிப்போய் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன், 'முருகா' என்று வாய்விட்டுச் சொன்னேன். ஆனால் வந்தது வந்ததுதான். என் முகத்தில் அது தெரிந்திருக்குமா, அவள் பார்த்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. இந்த ஒரு வருஷத்தில் அதை நினைக்காமல் நான் ஒரு பிடி சோறு தின்றதில்லை.

அன்று சாயங்காலம் மலைமேல் மணி அடித்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து கும்பிட்டுவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்தப் பாட்ட முழுசா ஒருவாட்டி படிங்க. எனுக்குத்தான் கட்டிகினு இருக்கீங்கன்னு தெரியும். நான் ஒண்ணும் பயப்படல. செத்தப்புறம் ஊரே கேக்கப் போவுது. நான் கேக்க வேணாமா?"

நான் கத்தினேன். அவளிடம் அப்படிக் கத்தியதே இல்லை. "இன்னா பேச்சு பேசற நீ? அபசகுனமா! உன் மேல எவன் பாட்டு கட்டினான்? அது வள்ளி மேலன்னு சொன்னேனில்ல?" என்றேன். கையிலிருந்த காகிதங்களையெல்லாம் வாரிக்கொண்டு போய்த் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். சாஸ்திரத்துக்குப் பயந்து பூட்டவில்லை. சாஸ்திரத்துக்குப் பயந்தவன் முதல் வரியையே எழுதியிருக்க மாட்டான். செய்த காரியம் அவள் வாயால் வெளியே வந்ததில் எனக்கு வெட்கம். அந்த வெட்கத்தை அவள்மேல் கோபமாகத் திருப்பினேன். திரும்பி வந்தபோது அவள், "சரி விடுங்க, கேக்கல" என்றாள். அதற்கப்புறம் முப்பது நாளுக்கு மேல் இருந்தாள். மறுபடி கேட்கவே இல்லை. நான் தினமும் படித்துக் காட்டியிருக்கலாம். ஒருநாளாவது பெட்டியைத் திறந்திருக்கலாம்.

தை பிறந்து நாலாம் நாள் காலை, நான் வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தபோது போய்விட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து அழ ஆரம்பித்தார்கள். உனக்குத் தந்தி அடிக்க ஆள் போனான். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். 'தனியே அழப் போய்விட்டார்' என்று அவர்கள் சொன்னதாக நீயும் உன் முன்னுரையில் எழுதியிருக்கிறாய். நான் அழப் போகவில்லை. நாலாவது அடி வந்துவிட்டது. மறந்துபோவதற்குள் அதை எழுதத்தான் போனேன். நீ ரயிலில் வந்து இறங்கி என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது, பாட்டு முடிந்து பெட்டிக்குள் இருந்தது.

கருமாதியன்று படித்தேன். கூட்டம் முழுதும் அழுதது. கங்காதரம் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்திருந்தார், என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது மனு இல்லப்பா, இது பாட்டு. இருவது வருசத்துக்கு முன்னால தெரியாத்தனமா பேசிட்டேன், மன்னிச்சிடு" என்றார். நீ தூணோரம் நின்று விம்மினாய். உனக்குப் படிக்கத் தெரியாததை அன்று காதால் கேட்டாய்; அதிலிருந்துதான் எழுத்துக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாய் என்று இப்போது தெரிகிறது. அத்தனை பேரும் கேட்டார்கள். கேட்க ஆசைப்பட்டு வாய்விட்டுச் சொன்ன ஒருத்தி மட்டும் கேட்கவில்லை. 'அம்மா இருந்து கேட்டிருந்தால்' என்று எழுதினாயே, அதற்கு என் பதில் இதுதான். அவள் இருந்தாள். அவளே படிக்கச் சொன்னாள். நான்தான் பூட்டி வைத்தேன்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் அப்பன் என்கிற பாத்தியதையில் ஒன்று சொல்கிறேன். உன் மனைவி உன்னிடம் ஏதாவது ஆசைப்பட்டுச் சொன்னால், அது உனக்குச் சிரிப்பாக இருந்தாலும், அன்றைக்கே செய். நல்ல வார்த்தை இருந்தால் அவள் காது கேட்கும்போதே சொல்லிவிடு. உன் பிள்ளைகளுக்கு நீ கற்றுக்கொண்ட இந்த எழுத்தை வேலை கிடைக்குமா என்று பார்க்காமல் கற்றுக்கொடு. நான் படுக்கையில் விழும் காலம் வந்தால் 'அசதி' என்று உனக்கு எழுதமாட்டேன், உள்ளதை எழுதுவேன். நீ வந்து பக்கத்தில் சும்மா உட்கார்ந்திரு, அது போதும்.

காகிதம் கிடைக்காத இந்தக் காலத்தில் எங்கெங்கோ அலைந்து அச்சாபீஸில் காகிதம் சேர்த்து வைத்திருப்பதாகவும், முதல் தெவசத்துக்குப் புத்தகம் வந்துவிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். உன் அலைச்சலை வீணாக்க எனக்கு மனமில்லை. ஆனால் நீ எழுதிய முன்னுரையோடு அது வரக்கூடாது. அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்தக் கடிதத்தை ஒரு வார்த்தை விடாமல் போடு. ஊர் காறித் துப்பும், துப்பட்டும். கங்காதரம் கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்வார், வாங்கிக்கொள்ளட்டும். இதைப் போட உனக்கு மனம் வரவில்லையானால் புத்தகமே வேண்டாம், காகிதத்தை யாருக்காவது கொடுத்துவிடு. எல்லாவற்றையும் படித்த பிறகும் என்னை நைனா என்று கூப்பிட உனக்கு வாய் வருமானால் தெவசத்துக்கு வா. வராவிட்டால் நான் ஏன் என்று கேட்கமாட்டேன்.

அவள் போனபிறகும் பாட்டு நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறுபத்து மூன்று வயதில், வாலிபத்தில் வராத வேகத்தில் வருகிறது. துக்கம் பாட்டாக வழிகிறது என்று ஜனங்கள் பேசிக்கொள்கிறார்கள். இந்தக் கடிதத்தை நேற்று காலையிலேயே முடித்திருக்க வேண்டியது. அவள் முருங்கை மரத்தடியில் நின்றதை எழுதிக்கொண்டிருந்தபோது, என் மனசு வாடிய அந்தக் கணத்தின் மேலேயே ஒரு பாட்டு வந்துவிட்டது. கடிதத்தை அப்படியே தள்ளி வைத்துவிட்டு, விரலால் தட்டித் தட்டி, சாயங்காலம்வரை அதை எழுதினேன். சோறு தின்னவும் மறந்துபோனேன்.

நன்றாக வந்திருக்கிறது.

உன்னைப் பெற்றவன்,
திருத்தணி, மார்கழி.